புல்வெளி எலியிலிருந்து பட்ஜெட் வரைக்கும்

அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒரு வகைச் சிற்றெலி, ஒருமுறை ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாது. அதன் நெருங்கிய உறவான மலை எலிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஆக்ஸிடோசின் ஹார்மோனை உணரும் ஏற்பிகள் இந்த இரண்டின் மூளையிலும் வெவ்வேறு இடங்களில் அமைந்திருக்கின்றன என்று 1992இல் காட்டியவர்களில் ஒருவர் தாமஸ் இன்சல். மனநல மருத்துவம் படித்து, மூளை ஆய்வுக்கு வந்தவர்.

2002இல் அவர் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் இயக்குநரானார். யாருடைய ஆய்வுக்குப் பணம் தருவது என்று முடிவு செய்கிற நாற்காலி அது. 13 ஆண்டுகளில் சுமார் 2,000 கோடி டாலர் செலவானது. அருமையான ஆய்வுக்கட்டுரைகள் வந்தன, தற்கொலைகள்தான் குறையவில்லை என்று பதவியை விட்ட பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இப்படி வெளிப்படையாகச் சொல்லும் இயக்குநர்கள் அபூர்வம்.

ஆனாலும் அவர் காலத்தில் ஒரு விஷயம் ஆய்வகத்தைத் தாண்டிப் போனது. முதன்முதலாக மனச்சிதைவு அறிகுறி தென்படும் இளைஞருக்கு மருந்து, ஆலோசனை, குடும்பத்துக்கு வழிகாட்டல், படிப்பு, வேலைக்கான உதவி எல்லாம் ஒரே குழு கொடுத்தால் என்ன ஆகும்? 2008இல் தொடங்கிய 'ரெய்ஸ்' திட்டம் 34 மையங்களில் 404 பேரிடம் இதைச் சோதித்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, இந்தக் குழு உதவி பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள், சிகிச்சையிலும் அதிக காலம் நீடித்தார்கள். இந்த முடிவு வெளியானது 2015இல். அமெரிக்க காங்கிரஸோ 2014இலேயே, மாநிலங்களுக்குத் தரும் மனநல மானியத்தில் 5 சதவீதத்தை இப்படிப்பட்ட ஆரம்பநிலை உதவிக்கென்று ஒதுக்கிவிட்டது. 2016இல் அதை 10 சதவீதமாக்கியது. இத்தகைய உதவியில் டென்மார்க், ஆஸ்திரேலியாவின் அனுபவம் ஏற்கெனவே கையில் இருந்தது. கடைசிச் சான்று வரும்வரை பட்ஜெட் காத்திருக்காது. ஆய்வகத்திலிருந்து வருபவருக்குப் பழகக் கடினமானது இதுதான்.

கொள்கை வகுக்கும் இடத்துக்கு இளம் ஆய்வாளர்கள் இயக்குநர் நாற்காலி வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1973 முதல் முனைவர் பட்டம் பெற்றவர்களை ஓராண்டுக்கு காங்கிரஸ் அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. பின்னாளில் அரசுத் துறைகளும் சேர்ந்துகொண்டன. ஐந்து வருட ஆராய்ச்சியை ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்கி, அவசரத்தில் இருக்கும் உறுப்பினர் கையில் கொடுப்பது போன்ற வேலைகள் அங்கே இருக்கும். "மேலும் ஆய்வு தேவை" என்று முடித்தால் அந்தத் தாள் குப்பைக்கூடைக்குப் போகும்.

இன்சல் 2015இல் கூகுளின் உயிரியல் பிரிவுக்குப் போனார். 2019இல் கலிபோர்னியா ஆளுநரின் மனநல ஆலோசகரானார். அங்கே அவர் முன் வந்தவை தெருவில் படுப்பவர்களுக்கு வீடு, சிறையில் கிடக்கும் நோயாளிகள், போதாத பணியாளர்கள் பற்றிய கேள்விகள்.