லண்டனில் பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

"ரோட் டாக்ஸ் சரியான குறைவு, அப்ப இது சூழலுக்கு நல்ல கார்தானே?" என்று எங்கள் அலுவலகத்துக்கு வரும் கனபேர் கேட்கிறார்கள். வேலை செய்யும் அனுமதி கிடைத்ததும் டெலிவரி, துப்புரவு வேலை என்று ஓடித்திரிய மலிவாக அகப்படுவது பழைய டீசல் கார்தான். வாங்கி ஒரு மாதத்தில் யூலெஸ் தண்டக் கடிதங்களோடு வந்து நிற்பார்கள்.

காரின் புகையில் பலவகை நஞ்சு இருக்கிறது. காபனீரொட்சைட்டு பூமியைச் சூடாக்கும். 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை முதற்பதிவான கார்களுக்கு ரோட் டாக்ஸ் போடுவது அதை வைத்துத்தான். டீசல் கார் குறைந்த எரிபொருளில் கூடிய தூரம் ஓடும். ஆகவே காபனீரொட்சைட்டும் குறைவு, டாக்ஸும் குறைவு. ஆனால் நெஞ்சுக்குள் போய்ச் சுவாசத்தைக் கெடுப்பவை நைதரசன் ஒட்சைட்டுகளும் நுண்துகள்களும். பழைய டீசலில் இவைதான் அதிகம். யூலெஸ் பார்ப்பதும் இவற்றைத்தான்.

இவற்றுக்கு எல்லை வைப்பது யூரோ தரம். 1992 இல் யூரோ 1 உடன் தொடங்கியது. இலக்கம் ஏற ஏற எல்லை இறுகும். டீசல் கார் ஒரு கிலோமீற்றருக்கு விடக்கூடிய நைதரசன் ஒட்சைட்டு யூரோ 4 இல் 0.25 கிராம், யூரோ 5 இல் 0.18, யூரோ 6 இல் 0.08. பெற்றோல் காருக்கு யூரோ 4 இலேயே 0.08 தான். அதனால்தான் பெற்றோலுக்கு யூரோ 4 போதும், டீசலுக்கு யூரோ 6 வேண்டும் என்கிறார்கள். 2006 ஆம் ஆண்டுப் பெற்றோல் கார் பெரும்பாலும் தப்பிவிடும், 2013 ஆம் ஆண்டுப் புதுப்பொலிவான டீசல் மாட்டுப்படும்! (இந்த எண்களையும் முழுதாக நம்பேலாது. சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வோக்ஸ்வாகன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015 இல் பிடிபட்டது.)

இதை வெறும் காசு பிடுங்கும் வேலை என்று சொல்லவும் முடியாது. தென்கிழக்கு லண்டனில் பெரிய வீதிக்கு அருகே வாழ்ந்த எலா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013 இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அந்த மரணத்துக்கு வளிமாசும் ஒரு காரணம் என்று 2020 இல் மரண விசாரணையில் பதிவானது. எங்கட பிள்ளைகளும் அப்படியான வீதிக்கரைகளில்தான் வளருகிறார்கள்.

2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா மாநகரப் பகுதிகளும் யூலெஸுக்குள் வந்துவிட்டன. தரம் இல்லாத கார் ஓடினால் நாளுக்கு 12.50 பவுண். நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு வேலைக்காரர் கவனியுங்கோ: 11 மணிக்குப் போய் 1 மணிக்குத் திரும்பினால் இரண்டு நாள் கட்டணம். ஓடிய நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டலாம். தவறினால் தண்டம் 180 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 90. கடிதம் லொக் புக்கில் உள்ள விலாசத்துக்கே போகும். வீடு மாறினால் விலாசத்தை உடனே மாற்றுங்கோ. கையில் கிடைக்காத கடிதத்துக்கும் தண்டம் 270 ஆக ஏறும், பிறகு கதவைத் தட்டுவது கடன் அறவிடுவோர்.

விற்பவர் "எம்.ஓ.ரி. பாஸ்" என்று காட்டுவார். அது வேறு சோதனை. முற்பணம் கொடுக்க முன் காரின் இலக்கத்தகட்டு எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கோ, காசில்லை. இணையம் இல்லாதவர்கள் எண்ணை எழுதிக்கொண்டு எங்களிடம் வரலாம்.