கல்யாணத்துக்கு பயந்து மறைக்கப்படும் 'சிக்கிள் செல்'... நீலகிரி ஆதிவாசி குடும்பங்களின் வேதனை!

கூடலூர்: "ஏதோ வாதக் காய்ச்சல், சரியாயிடும்". கை, கால் வலியால் துடிக்கும் பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டால், நீலகிரியில் பல ஆதிவாசி வீடுகளில் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். நோயின் பேர் சிக்கிள் செல் ரத்தசோகை. வெளியே சொன்னா அந்த வீட்டுப் பெண்ணை யாரும் கேட்டு வர மாட்டாங்க என்ற பயம்.

இந்தியாவில் இந்தக் குறைபாடு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரி ஆதிவாசி மக்களிடம்தான். ஆண்டு 1952. இத்தனை வருஷம் ஆகியும் பயம் போகவில்லை.

வட்டமாக இருக்க வேண்டிய ரத்த சிவப்பணு அரிவாள் போல வளைந்து, சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக் கொள்ளும். அடைத்த இடமெல்லாம் தாங்க முடியாத வலி. குளிர், தண்ணீர் குடிக்காதது, களைப்பு எல்லாமே வலியைக் கிளப்பும். தேயிலைத் தோட்டத்தில் மழையில் நனைந்து வேலை பார்ப்பவர் கதி என்ன? நேற்று நல்லா நடமாடியவர் இன்று எழ முடியாமல் கிடப்பார். விஷயம் தெரியாதவர்கள் 'சோம்பேறி' என்பார்கள். வலியை விட இதுதான் கொடுமை.

இது தொட்டால் ஒட்டாது. சாபமும் கிடையாது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஆனா பழி மட்டும் அம்மா தலையில்!

ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் 'கேரியர்'. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. இரண்டு கேரியர்கள் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 4ல் 1 வாய்ப்பு. 'மூத்ததுக்கு வந்தாச்சு, அடுத்ததுக்கு வராது' என்ற கணக்கு செல்லாது. அதே கேரியர், ரத்தத்தில் இந்த மாதிரி குறை எதுவும் இல்லாதவரை மணந்தால் பிள்ளைக்கு நோய் வராது. அதனால ஜாதகம் பார்க்கும் முன் இரு வீட்டாரும் ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. ரிசல்ட்டை மறைத்துவிட்டு நடத்தும் கல்யாணத்தில்தான் ஆபத்து.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு பரிசோதனை உண்டு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் சிகிச்சை தரப்படுகிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரையை டாக்டர் சொன்னபடி சாப்பிட்டால் வலி வருவது குறையும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த நோயும் இருப்பதால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது: ஸ்வெட்டர், கூடவே ஒரு தண்ணீர் பாட்டில். பள்ளிக்கூட டீச்சரிடம் மட்டுமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். காய்ச்சலோ, நெஞ்சு வலியோ, மூச்சு வாங்குவதோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போய்விட வேண்டும்.