பித்தும் குற்றமும்: நீதிபதி பிக்கரிங் வழக்கு

அமெரிக்க அரசியல் சட்டப்படி ஒரு மத்திய நீதிபதியை வீட்டுக்கு அனுப்ப ஒரே வழிதான்: தேசத்துரோகம், லஞ்சம், பெருங்குற்றம் முதலியவற்றைச் செய்தாரென்று பிரதிநிதிகள் சபை சாட்ட வேண்டும், செனட் விசாரிக்க வேண்டும். சரி, நீதிபதிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டால்? அந்தப் பிரதியில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை. இந்த மௌனத்தில் மாட்டிக்கொண்டவர் ஜான் பிக்கரிங்.

ஆள் சாமானியரல்ல. ஹார்வர்டில் படித்தவர், நியூ ஹாம்ப்ஷையரின் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1795இல் வாஷிங்டன் அவரை மத்திய மாவட்ட நீதிபதியாக்கினார். பிறகு புத்தி தடுமாறியது, குடியும் சேர்ந்துகொண்டது. ஃபெடரலிஸ்டுகள் 1801இல் கொண்டுவந்த நீதித்துறைச் சட்டத்தின் தயவில் வேறொரு நீதிபதி அவர் வேலையைப் பார்த்தார். 1802இல் ஜெஃபர்சன் கட்சியினர் அச்சட்டத்தை ரத்து செய்தார்கள். மனுஷன் மறுபடி நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. அவரை அங்கே இழுத்துவந்து உட்காரவைத்தது எது என்பதை மறந்துவிட்டுத்தான் பலரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

அதே ஆண்டு சுங்க அதிகாரிகள் ‘எலிஸா’ என்ற கப்பலைப் பிடித்தார்கள். பிக்கரிங் குடித்துவிட்டு வந்தார், கண்டபடி கத்தினார், அரசுத் தரப்புச் சாட்சிகளைக் கேளாமலே கப்பலை விடுவித்தார். மேல்முறையீட்டுக்கும் இடமில்லை என்றுவிட்டார். 1803இல் ஜெஃபர்சன் ஆவணங்களைச் சபைக்கு அனுப்பினார்.

1804இல் செனட் விசாரணைக்கு பிக்கரிங் வரவில்லை. தந்தைக்குச் சித்த சுவாதீனமில்லை என்று மகன் மனு கொடுத்தார். இங்கேதான் சொல்லாடல் தலைகீழாகிறது. பைத்தியக்காரனுக்குக் குற்ற நோக்கம் கிடையாது, ஆகவே நீக்க முடியாது என்று வாதிட்டது ஃபெடரலிஸ்ட் தரப்பு. அதாவது, பைத்தியம் என்பதாலேயே அவர் நீதிபதியாக நீடிக்கலாம்! ஜெஃபர்சன் தரப்போ அவரை வெறும் குடிகாரனாக்கப் பார்த்தது. நீக்குவதற்கு அவர் புத்தியுள்ளவராக இருந்தாக வேண்டுமே. ஃபூக்கோவை வாசித்தவர்கள், பித்து வெளியே தள்ளி அடைக்கப்பட்ட கதையை அறிவார்கள். இங்கே பித்து உள்ளே இழுக்கப்பட்டுக் குற்றம் என்று பெயர் மாற்றப்பட்டது.

அவரை நீக்கியது தவறென்று நான் சொல்லவில்லை. வழக்காடிகளும் மனிதர்கள்தானே. நான் கவனிப்பது கேள்வியின் வாக்கியத்தை. ‘பெருங்குற்றம் புரிந்தாரா’ என்று கேட்டால் சில உறுப்பினர்களின் மனசாட்சி உறுத்தும். எனவே ‘சாட்டப்பட்டபடி குற்றவாளியா’ என்று மட்டும் கேட்டார்கள். சிலர் வாக்களிக்காமல் எழுந்து போனார்கள். மார்ச் 12 அன்று 19க்கு 7 என்ற கணக்கில் ஆம் என்றது செனட். பதவி நீக்கத்துக்கு 20க்கு 6.

காலியான நாற்காலி ஜான் ஷெர்பர்னுக்குப் போயிற்று. செனட்டில் பிக்கரிங்குக்கு எதிராகச் சாட்சி சொன்ன அரசு வழக்கறிஞர் அவர். பிக்கரிங் அடுத்த ஆண்டே இறந்துபோனார்.