50 மடங்கு வளரும் கோழி, கால் தாங்குமா?

வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களை நம்பி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சாலைகளில் பிரியாணிக் கடைகள் நடக்கின்றன. அங்கே தட்டில் விழும் துண்டு அநேகமாக பிராய்லர்தான். "எல்லாம் ஊசி போட்டு வளர்த்த கோழி" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவர்களும் உண்டு.

உண்மை வேறு. பொரிக்கும்போது சுமார் 40 கிராம் இருக்கும் குஞ்சு, ஐந்தாறு வாரத்தில் 2 கிலோவைத் தொடுகிறது, 50 மடங்கு. வேகமாக வளர்பவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதால் வந்த குணம் இது. சதை ஏறுகிற வேகத்துக்கு எலும்பும் ஈடுகொடுக்க வேண்டும். தாது உப்புக்கு வேலை அங்கேதான்.

தீவனத்தில் என்ன குறை?

மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும்தான் கறிக்கோழித் தீவனத்தின் பெரும்பகுதி. இரண்டிலும் கால்சியம் சொற்பம். பாஸ்பரஸ் இருந்தாலும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 'ஃபைட்டேட்' என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. மாட்டின் வயிற்று நுண்ணுயிரிகள் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். கோழிக்கு அந்த வசதி இல்லை. எனவே சுண்ணாம்புக்கல் தூளும் டைகால்சியம் பாஸ்பேட்டும் சேர்க்கிறார்கள். 1990-களிலிருந்து, பூட்டைத் திறக்கும் ஃபைட்டேஸ் நொதியும் கலக்கப்படுகிறது.

கால்சியம் சுமார் 1 சதவீதம், கோழிக்குக் கிடைக்கக்கூடிய பாஸ்பரஸ் அதில் பாதி என்பது பொதுவான கணக்கு. இந்த விகிதம் குலைந்தால் எலும்பு மென்மையாகி, குஞ்சு நொண்டும்.

டன்னுக்கு ஒரு சிட்டிகை

மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, அயோடின், செலினியம் ஆகியவை மிகச் சிறிய அளவே தேவை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் 1994-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, ஒரு கிலோ தீவனத்துக்கு மாங்கனீசு 60 மில்லிகிராம், துத்தநாகம் 40, செலினியம் 0.15. செலினியத்தை மட்டும் கணக்கிட்டால் ஒரு டன் தீவனத்துக்கு 150 மில்லிகிராம், ஒரு சிட்டிகைதான். அதை நேரடியாகக் கொட்டிக் கலந்தால் ஒரு கோழிக்கு நஞ்சாகும், இன்னொன்றுக்கு எதுவுமே கிடைக்காது. ஆகவே முதலில் சுண்ணாம்புக்கல் தூள் போன்ற ஒன்றோடு சேர்த்து 'பிரீமிக்ஸ்' ஆக்கி, பிறகு தீவனத்தில் கலக்கிறார்கள்.

கூடினாலும் கெடுதல்

1930-களில் அமெரிக்காவில் குஞ்சுகளுக்குக் குதி மூட்டு வீங்கி, தசைநாண் நழுவி, கால் கோணிப்போவது பெரும் புதிராக இருந்தது. மாங்கனீசுக் குறைவே காரணம் என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். தீவனத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் அளவு மீறினால் இந்த நோய் முற்றும் என்பதும் தெரியவந்தது. எலும்பு உறுதிப்படட்டும் என்று அள்ளிப் போட்டதே காலை இன்னும் கோணலாக்கியது!

தீவனத்தில் சேர்க்கும் சாதாரண உப்பும் அப்படித்தான். கூடினால் கோழி தண்ணீரை அதிகம் குடிக்கும், எச்சம் நீர்க்கும், கூளம் ஈரமாகும், ஷெட்டில் அம்மோனியா நெடி ஏறும். உடலில் சேராத செம்பும் துத்தநாகமும் எச்சத்தோடு வெளியேறி, கோழி எருவாக வயலுக்குப் போய்ச் சேரும்.

பண்ணையாளர் கவனத்துக்கு

பல்லடம், உடுமலை வட்டாரங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்புதான். குஞ்சும் தீவனமும் நிறுவனம் தரும். ஷெட்டும் உழைப்பும் பண்ணையாளருடையது. கூலி எடைக் கணக்கில். நொண்டும் கோழி தீவனத் தட்டை எட்டாது. எடை குறையும், கூலியும் குறையும். அந்தப் பதற்றத்தில் கடையில் கிடைக்கும் தாது உப்பு டானிக்கை வாங்கித் தண்ணீரில் ஊற்றுவது, ஏற்கெனவே அளந்து கலந்த கணக்கைக் குலைத்துவிடும்.

பேட்ச்சில் நொண்டிகள் கூடினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தீவனத்தின் மேல் சந்தேகம் இருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். எது குறைவு, எது மிகுதி என்று தெரிந்த பிறகு டானிக் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.