ஒரு வீடு, இரண்டு கடவுச்சீட்டுகள்

(மூன்றாமாண்டு, வரலாற்றுத் துறை)

தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொழும்பை வெளிநாடு என்று நினைக்கவே தோன்றாது. 1876-இல் நம் ஊருக்கு இரயில் வந்தது. அதில் வந்து இறங்கியோர் இங்கிருந்தே கப்பலேறிக் கொழும்பு சென்றனர். வ.உ.சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் ஓடியதும் இந்த வழியில்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுப் பயணிகள் தனுஷ்கோடி வழியே செல்லத் தொடங்கிய பின்னரும் நம் தோணிகள் கொழும்பை மறக்கவில்லை. முத்துக் குளிப்போர் நம் கரையின் பார்களிலும் மூழ்கினர். மன்னார்க் கரையின் பார்களிலும் மூழ்கினர். சரக்கு போய்வந்த இடத்தில் சம்பந்தமும் ஏற்படுவது இயல்பு அன்றோ!

அப்படி ஒரு சம்பந்தம் எங்கள் வீட்டிலும் உண்டு. சித்தப்பா தூத்துக்குடிக்காரர்; இந்தியக் குடிமகன். சித்தி கொழும்பு கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர், இலங்கைக் குடிமகள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஆதலால் மூத்தவன் கொழும்பில் பிறந்தான். இளையவள் தூத்துக்குடியில் பிறந்தாள். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே வீடு. ஆனால் சட்டத்தின் முன் இந்த நால்வரின் நிலையும் ஒன்றாக இல்லை. இதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு சொல்வது

1948-இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தையும், குடிவரவு குடியகல்வுச் சட்டத்தையும் இயற்றியது. அதன்பின் கடலைக் கடக்கத் துணிவு மட்டும் போதவில்லை, தாளும் வேண்டியதாயிற்று. மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாக ஏற்க இசைந்தன. எண்கள் சரியாகப் பொருந்தின. ஆயின் ஒரே வீட்டில் கணவனுக்கு ஒரு நாடு, மனைவிக்கு ஒரு நாடு என்று பிரிந்து தவித்த குடும்பங்கள் பல. குடியுரிமைச் சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கிறது. அன்றும் இன்றும் இதுவே நிலை.

பிள்ளைகளின் நிலை

இளையவளின் கணக்கு எளிது. 2004 டிசம்பர் 3-க்குப் பின் இந்தியாவில் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருந்தால், பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். சித்தியிடம் முறையான விசா இருந்தது. எனவே கேள்விக்கே இடமில்லை. இலங்கைக்கு வெளியே பிறந்ததால், அவள் இலங்கைக் குடியுரிமை பெற ஓராண்டுக்குள் இலங்கை அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் செய்யவில்லை. அவளுக்கு ஒரே நாடுதான்.

மூத்தவன் கணக்குத்தான் சிக்கலானது. 2003-க்கு முன் இலங்கைச் சட்டப்படி தந்தை வழியே குடியுரிமை வந்தது. அவ்வாண்டுத் திருத்தத்திற்குப் பின் தாய் வழியும் வருகிறது. எனவே தாய் வழியாக அவன் இலங்கைக் குடிமகன். தந்தை வழியாக இந்தியனாகவும் ஆகலாம். ஆனால் தானாக அன்று. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் உறுதி கூறவும் வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி பெற்றே பதிய இயலும். இந்த விதி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொழும்பில் சித்தியின் தந்தை, பழைய கணக்குப்பிள்ளை, எங்கோ கேள்விப்பட்டுப் பிடிவாதமாக அழைத்துச் சென்றதால் பதினோராம் மாதத்தில் காரியம் முடிந்தது.

இவ்வாறு பதிவான பிள்ளை இரு நாட்டுக் குடியுரிமையோடும் வளரலாம். ஆனால் 18 வயது நிறைந்த ஆறு மாதங்களுக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிடில் இந்தியக் குடியுரிமை போய்விடும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்வது இது. எங்கள் தம்பிக்கு வரும் ஆண்டு 18 நிறைகிறது. பிளஸ் டூ தேர்வோடு சேர்த்து நாட்டையும் அவன் தேர்ந்தெடுத்தாக வேண்டும்!

மனைவியின் நிலை

“இந்தியரைக் கட்டிக்கொண்டால் இந்தியர் ஆகிவிடலாம்” என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தாலி ஏறிய நாளில் குடியுரிமை ஏறுவதில்லை. அவர் முதலில் இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் நுழைவு விசா பெற வேண்டும். 180 நாள்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால், 14 நாள்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். விசா தீருமுன் நீட்டிக்க வேண்டும்.

அடுத்த படி ஓ.சி.ஐ. அட்டை. திருமணம் பதிவாகி, இரண்டு ஆண்டுகள் இடைவிடாது நிலைத்திருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். கோயிலிலோ தேவாலயத்திலோ நடந்த திருமணமே போதும் என்றிருந்துவிடலாகாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தினரின் திருமணமும் பதிவாக வேண்டும். ஓ.சி.ஐ. வாழ்நாள் விசா போன்றது. அதில் வாக்குரிமை இல்லை. வேளாண் நிலம் வாங்க இயலாது. மணமுறிவு நேர்ந்தால் அட்டையும் இரத்தாகலாம்.

மூன்றாவது படியே குடியுரிமை. ஏழு ஆண்டுகள் இந்தியாவில் வசித்த மனைவி பதிவின் மூலம் குடியுரிமை கோரலாம். அதிலும் விண்ணப்பத்திற்கு முந்தைய 12 மாதங்கள் இடைவிடாது இங்கே இருந்திருக்க வேண்டும். விசா தீர்ந்த பின்னும் தங்கியவர் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவார். அவருக்கு இந்த வழி அடைபடும். ஒரு நாள் சோம்பல் ஏழாண்டுக் காத்திருப்பை வீணாக்கிவிடக் கூடும்.

நாளும் தாளும்

நாள் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறது என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைக் காட்டலாம். மண்டபம் முகாமில் இலங்கை அகதிப் பெற்றோருக்கு 1986-இல் ஒரு பெண் பிறந்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியர் என்பது சட்டம். அதைக் கொண்டு 2022-இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. அடுத்த ஆண்டு பிற்பாதியில் பிறந்திருந்தால் இந்த வாதம் நின்றிராது.

மற்றொன்று: ஒரு தம்பதியர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றனர். அப்போது தாயின் வயிற்றில் இருந்த மகன் 1999 மார்ச்சில் பிறந்தான். வளர்ந்தபின் இந்தியக் குடியுரிமையை மீண்டும் பெற விரும்பினான். சென்னை உயர்நீதிமன்றம் இசைந்தது. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. துறப்புப் பத்திரம் தந்து குடியுரிமையை விட்டவரின் பிள்ளைக்கே திரும்பப் பெறும் உரிமை உண்டு. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றதால் தானாகவே இழந்தவரின் பிள்ளைக்கு அது இல்லை என்றது.

கடல் கடந்து அழைப்போர்

நம் ஊர்ப் பெண்கள் கனடாவிலுள்ள தமிழரை மணப்பதும் உண்டு. அங்கே மனைவியை அழைக்கும் கணவன் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அவள் செலவை மூன்று ஆண்டுகள் தானே ஏற்பதாக அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் ‘ஸ்பான்சர்’ என்கிறார்கள். இங்கே பலர் செய்யும் பிழை, பிள்ளைக்கும் சேர்த்து ஸ்பான்சர் தேடுவது. கனடாவில் குடியுரிமை பெற்ற தந்தைக்கு அதன்பின் பிறந்த பிள்ளை, தூத்துக்குடியில் பிறந்தாலும் கனடியக் குடிமகனே. அவனுக்கு வேண்டியது குடியுரிமைச் சான்று. தாய்க்கு மட்டுமே ஸ்பான்சர். பிள்ளை குடிமகன் என்பதற்காகத் தாய்க்குக் கதவு திறந்துவிடாது. அவள் விண்ணப்பம் தனி விண்ணப்பம். குடிமகனல்லாத வேறு பிள்ளை இருந்தால் அவனையும் விண்ணப்பத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். மறைத்தால் பின்னாளில் அவனை அழைப்பது மிகக் கடினம்.

முடிவாக

2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியது. கொழும்பு அம்மம்மா அதில்தான் வந்து பேரனைப் பார்த்தார். நவம்பரில் அது நின்றுபோயிற்று. கப்பல் நின்றாலும் உறவு நிற்கவில்லை. சித்தி இன்னும் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. “அம்மா இருக்கும்வரை அந்தக் கடவுச்சீட்டு என்னிடம் இருக்கட்டும்” என்கிறார். அது அவர் மனம். சட்டம் அதற்கும் இடம் தருகிறது. தம்பிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அவனுக்குக் கிடைப்பது ஆறு மாதங்கள்.

நண்பர்களே! நம் வகுப்புகளிலும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தோர் சிலர் இருக்கக் கூடும். திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு, விசா தீரும் நாள், பதினெட்டாம் பிறந்தநாள் ஆகிய நான்கையும் இன்றே வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துக் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கணக்குப்பிள்ளைத் தாத்தா இருந்தார். எல்லார் வீட்டிலும் அவர் இருக்க மாட்டார். படித்த நாம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.