ஏறும் கியரிலேயே இறங்குங்கள்!

பெருநாள் விடுமுறை வந்துவிட்டால், ஓசூரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஒகேனக்கல்லுக்குப் புறப்படுவோர் பலர். அங்குச் செல்ல இரு வழிகள் உள்ளன. கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாகச் செல்வது ஒன்று. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டினூடே செல்வது மற்றொன்று. தூரம் குறைவு, இயற்கைக் காட்சியும் உண்டு என்று இரண்டாவது வழியை நாடுவதில் தவறில்லை. ஆனால், அகன்ற நெடுஞ்சாலையில் பழகிய கைகளும் கால்களும் மலைப்பாதையின் முறைகளைத் தனியே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒகேனக்கல்லோ அதைவிட 600 மீட்டருக்கும் மேல் தாழ்ந்த காவிரிக்கரை. எனவே, போகும்போது நாம் காண்பது பெரும்பாலும் இறக்கமே. மலைப்பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது என்பதைப் பலரும் உணர்வதில்லை.

பிரேக்கை விடாது மிதித்தபடி இறங்கினால், உராய்வினால் அது கடுமையாகச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். வெப்பம் மேலும் மிகுந்தால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் மிதி கீழே போகுமேயன்றி வண்டி நிற்காது.

இதற்கு அனுபவமிக்க ஓட்டுநர்கள் சொல்லும் வழி எளியது. ஒரு மேட்டில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அந்தக் கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை இடையிடையே தொட்டால் போதும். டீசலை மிச்சப்படுத்த எண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் எஞ்சின் தரும் துணை அப்போது அற்றுப்போகும்.

குறுகிய வளைவில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால் யார் ஒதுங்குவது? இறங்குபவரே ஒதுங்கி நின்று, ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இது எழுதப்பட்டிருந்தது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே காரணம்.

இப்பகுதிக் காடுகள் யானைகளின் வழித்தடம். 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இங்கே அறிவிக்கப்பட்டது. பொழுது சாயுமுன் காட்டைக் கடந்துவிடுங்கள். யானை எதிர்ப்பட்டால் தொலைவிலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் அடிக்கவோ, இறங்கிப் படம் எடுக்கவோ வேண்டாம். வண்டியில் இருப்போரும், "நேரமாகிறது, சீக்கிரம் போங்கள்" என்று ஓட்டுபவரை அவசரப்படுத்தலாகாது.

இறுதியாக ஒன்று. மேட்டில் வண்டி பழுதாகி நின்றால், சக்கரத்துக்குக் கல்லால் முட்டுக் கொடுக்கிறோம். அது தேவையானதே. ஆனால், பழுது நீங்கியதும் கல்லைப் பாதை நடுவிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அன்றிரவு, மலைக்கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும் ஓர் ஏழைத் தொழிலாளி அதில் மோதி விழலாம். அவரது வரவை எதிர்பார்த்து ஒரு குடும்பம் விழித்திருக்கும்.

பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். பிறர் போட்ட கல்லை அகற்றுவதே ஈமானின் கிளையென்றால், நாம் வைத்த கல்லை நாமே விட்டுச் செல்வது எதில் சேரும்? சிந்திப்போமாக!