சித்தூருக்கு வரும் தாயும் தந்தையும்

அயல்நாட்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலே மகப்பேறு வாய்க்காத சிலர், தாய்நாட்டுக் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க விரும்பியும் வழியறியாது தயங்குகின்றனர். திருப்பதி இரயில் நிலையத்தில் எழுத்தனாக இருக்கும் எனக்கு இதுபற்றிக் கூறும் தகுதி முன்பு இருந்ததில்லை. என் சிற்றப்பாவின் மகள், தன் கணவருடன் அமெரிக்காவிலிருந்து அடுத்த திங்கள் சித்தூருக்கு வருகிறாள். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியையும் அவளுடைய நான்கு வயதுத் தம்பியையும் தம் மக்களாக ஏற்று அழைத்துச் செல்லவே அப்பயணம். அவர்களுக்காக இங்கே அலுவலகங்களுக்கு நடந்தவன் என்ற உரிமையில் சில சொல்லத் துணிகிறேன்.

"இத்தனை தாள்கள் எதற்கு, மச்சான்?" என்று மாப்பிள்ளை ஒருமுறை தொலைபேசியில் சலித்துக்கொண்டார். காரணம் உண்டு. அயல்நாட்டாருக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதில் நடந்த முறைகேடுகளைக் குறித்து லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதையே வழக்காக ஏற்று, நீதிபதி பகவதி 1984-இல் விதிமுறைகளை வகுத்துத் தீர்ப்பளித்தார். அதற்குப் பின்னும், அன்றைய ஆந்திரத்தில் 1999, 2001 ஆம் ஆண்டுகளில், ஏழைத் தாய்மாரிடம் சிசுக்களை விலைக்கு வாங்கித் தத்துக்கு அனுப்பிய செய்திகள் வெளிவந்து நாட்டையே தலைகுனிய வைத்தன. இந்தியா 2003-இல் ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னபின் மாப்பிள்ளை தாள்களைக் குறை கூறுவதை விட்டுவிட்டார்.

இப்போதைய முறை இது. தத்தெடுப்போர் தாம் வாழும் நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் வாயிலாகவே விண்ணப்பிக்கவேண்டும். அவர்களுடைய இல்லமும் வருவாயும் உடல்நலமும் ஆராயப்படும். இங்கே குழந்தைகள் நலக் குழு, குழந்தையைச் சட்டப்படி தத்துக்கு உரியது என்று அறிவித்திருக்கவேண்டும். 'காரா' எனப்படும் மத்திய ஆணையத்தின் தடையின்மைச் சான்று வந்தபின், மாவட்ட ஆட்சியர் தத்து ஆணை பிறப்பிப்பார். 2022 செப்டம்பருக்கு முன் இவ்வதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தது. பிறகு புதிய பெற்றோர் பெயரிட்ட பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு, உடன்படிக்கையின் 23-ஆம் விதிப்படியான சான்று, விசா. பெற்றோர் நேரில் வந்தே குழந்தையை அழைத்துச் செல்லவேண்டும். சென்ற பின்னும் ஈராண்டுக் காலம் குழந்தையின் நிலைபற்றிய அறிக்கைகள் வந்துகொண்டிருக்கும்.

எங்கள் இரயில்வேயில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்குப் பயணச்சீட்டு இல்லை. தத்து முறையிலும் ஐந்து ஓர் எல்லைதான். அந்த வயதை எட்டிய குழந்தையின் இசைவையும் கேட்கவேண்டும். என் சாளரத்தில் எத்தனையோ பெற்றோரிடம் குழந்தையின் வயதைக் கேட்டிருக்கிறேன், குழந்தையைப் பார்த்து, "இவர்களோடு போகச் சம்மதமா?" என்று நான் கேட்டதில்லை. இச்சிறுமியிடம் அதைத் தெலுங்கிலே கேட்டார்கள். அவள் திருப்பிக் கேட்டது ஒன்றே: "தம்முடு கூடா வஸ்தாடா?" தம்பியும் வருவானா என்பது பொருள். வயது முறைப்படி அக்காள் ஓர் இல்லத்திலும் தம்பி வேறோர் இல்லத்திலும் வளர்கிறார்கள். நினைத்தபோது ஒருவரையொருவர் காணமுடிவதில்லை.

அங்கே என் தங்கை, சிறுமிக்கு ஓர் அறையும் சிறுவனுக்கு ஓர் அறையுமாக வண்ணம் பூசி வைத்திருந்தாள். இச்செய்தியைச் சொன்னேன். மறுநாளே இரண்டு கட்டில்களையும் ஓர் அறைக்கு மாற்றி, கைநீட்டினால் தொடும் தூரத்தில் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். அப்படத்தை இல்லத்துக்கு அனுப்பியிருந்த குடும்பப் பட ஏட்டில் சேர்க்கச் செய்தோம்.

குளிர் தேசத்துக்குக் கம்பளி ஆடை வாங்கவேண்டுமே! வயதைச் சொல்லிக் கடையில் வாங்கினால் பொருந்தாது. இக்குழந்தைகள் வயதுக்குச் சிறுத்தவர்கள். நான் அனுமதி பெற்றுச் சென்று நூலால் தோளும் கையும் அளந்து, தாளில் பாதங்களை வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பினேன். சிறுவனுக்குக் கூச்சம் தாளவில்லை. சிரித்துச் சிரித்துக் காலை இழுத்துக்கொண்டதில் வலது பாதத்தை மூன்று முறை வரையவேண்டியதாயிற்று. விளையாட்டுப் பொருள்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவர வேண்டாம் என்றும், குழந்தைகள் இப்போது போர்த்தும் பழைய போர்வையைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள், அதைத் துவைத்துவிடாதீர்கள் என்றும் அங்குள்ள அம்மையார் கூறினார். பழகிய மணம் புதிய வீட்டில் உறக்கத்துக்குத் துணையாம்.

எல்லாவற்றிலும் கடினம் மொழி. என் தங்கை சித்தூரில் பிறந்தவளேயாயினும், சிறு வயதிலேயே சென்னைக்குப் படிக்கச் சென்றவள், தெலுங்கு மறந்துவிட்டது. மாப்பிள்ளைக்கோ ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே இரவுதோறும் தொலைபேசியில் பாடம் நடக்கிறது. ஆகலி என்றால் பசி. நொப்பி என்றால் வலி. நித்ர, உறக்கம். நான்னா, அப்பா. இவற்றைத் தமிழ் எழுத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அம்மாவும் அக்காவும் இரு மொழிக்கும் பொது என்பதில் தங்கைக்குப் பெருமகிழ்ச்சி.

சித்தூரில் இருக்கும் என் சித்திக்குத் தொடக்கத்தில் இதில் மனமில்லை. யார் பெற்றதோ, என்ன குலமோ என்றார். பிறகு இணங்கினார், ஆனால் இரு குழந்தைகளையும் திருமலைக்கு அழைத்துச் சென்று முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டுவிட்டார். மகள் மறுத்தாள். "அந்தப் பெண்ணுக்குத் தன்னுடையது என்று இருப்பது அந்த இரட்டைப் பின்னல்தான், அம்மா. அவளைக் கேட்காமல் தொடக்கூடாது" என்றாள். சித்தி ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. வேண்டுதலும் பொய்க்கக்கூடாது, பிள்ளையும் கலங்கக்கூடாது. எனக்கும் வழி தோன்றவில்லை.

நேற்று மாலை சித்தியே என்னை அழைத்தார். முடியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்தக் குறிப்பேட்டில் பாட்டிக்கு என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். அம்மம்மா என்று எழுதியதாகச் சொன்னேன். "இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்படியா கூப்பிடும்? அவ்வா என்று திருத்து" என்று சொல்லிவிட்டு, விமானம் சென்னைக்கு எத்தனை மணிக்கு வருகிறது, சித்தூரிலிருந்து எப்போது புறப்படவேண்டும் என்று விசாரித்தார்.